முறுக்கு டின்

துளசி: ...சாப்பிடாம வந்தா கூட்டத்துல தலை சுத்தும். அதான் தாப்பாவ் பொட்டலம் கட்டிட்டு வந்தேன். வாயத் தொறங்க, ஊட்டி விடுறேன்.

தனேஸ்வரன்: காடி ஓட்டுறேன் துளசி. என்ன அது?

துளசி: புளி சாதம்.

தனேஸ்வரன்: மறுபடியுமா... நேத்து புளிக்குழம்பு. முந்தாநாள் அசாம் மீனு. அதுக்கு முந்தி ரசம். ஒரு மாசமா பல்லு கூசுது எனக்கு.

துளசி: புளி ரத்தத்துக்கு நல்லதாம்.

தனேஸ்வரன்: யார் சொன்னா?

துளசி: யூட்டியூப்ல சொன்னாங்க.

தனேஸ்வரன்: எந்த யூட்டியூப்ல...

துளசி: ரோட்டப் பாத்து ஓட்டுங்க. கல்யாணம் ஆன புதுசுல வெறுஞ்சோத்தப் போட்டாலும் தேவாமிர்தம்னு தின்னீங்க. யூனியன் செயலாளர் ஆனதும் நாக்குக்கு ருசி கேக்குது.

தனேஸ்வரன்: சரி, ஒரு வாய் குடு... ம். ரொம்பப் புளிப்புலா.

துளசி: இன்னொரு வாய்?

தனேஸ்வரன்: ...குடு.

துளசி: அதான பாத்தேன்.

தனேஸ்வரன்: மடியில என்ன டின்னு? வீட்டுலேர்ந்து கட்டிப்புடிச்சுக்கிட்டே வர்ற.

துளசி: முறுக்கு. கூட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் குடுக்கலாம்னு.

தனேஸ்வரன்: ரோட்டுல போங்கோல் மேட்டுல ஏறுனப்ப கடகடன்னுச்சு. முறுக்கு அப்படியா சத்தம் போடும்?

துளசி: கொஞ்சம் கெட்டியாப் போச்சு. மாவு சரியில்ல.

தனேஸ்வரன்: உன் கையில முறுக்கு கெட்டியாப் போச்சா... எங்க, ஒண்ணு எடு பாப்போம்.

துளசி: சாமிக்குப் படைக்காம யாரும் தொடக்கூடாது.

தனேஸ்வரன்: யூனியன் கூட்டத்துக்கு ஏதுடி சாமி?

துளசி: ஏன், தலைவர் திருக்குமரன் சார் இல்ல? அவரு சொன்னா மறுபேச்சு உண்டா உங்களுக்கு?

தனேஸ்வரன்: ஆரம்பிச்சிட்டியா...

துளசி: நான் எங்க ஆரம்பிச்சேன்? இன்னிக்கு மேடையில என்ன சொல்லப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

தனேஸ்வரன்: செயற்குழு முடிவ வாசிக்கணும். ‘பேச்சுவார்த்தை தொடரும்’. அவ்ளோதான்.

துளசி: ரெண்டு வருசமாத் தொடருதே. வடிகால் போர்டு ஆபீசுக்குப் போறீங்க, கோப்பி குடுக்குறாங்க, கறிபாப் குடுக்குறாங்க, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிடுறாங்க. ஒப்பந்தம் ஒரு அங்குலம் வளரல. உங்க தொந்திதான் வளந்துச்சு.

தனேஸ்வரன்: எகத்தாளம் போதும்லா. அவங்க என்ன சொல்றாங்கன்னு உனக்கே தெரியும். குவார்ட்டர்ஸ்ல இருக்குறவங்களுக்கு அந்த வீட்டயே தவணையில குடுத்துடுறோங்குறாங்க. அது வேணும்னா, வெள்ளம் வந்து லீவு நாள்ல கூப்புடுறதுக்கு நாம கேக்குற ஓவர்டைம விட்டுடணுமாம். ரெண்டுல ஒண்ணுதான். நாங்க ரெண்டும் வேணுங்குறோம். தப்பா?

துளசி: தப்பே இல்ல. ஆனா எது வேணும்னு எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? லோங்காங் சாக்கடையில எறங்கி சேறு அள்ளுறது நாங்க. ஓட்டுக்கு விடுங்கன்னுதான கேக்குறோம்.

தனேஸ்வரன்: போன கூட்டத்துல கையத் தூக்கச் சொன்னோமே.

துளசி: மொத வரிசையில வேலை வாங்குற மண்டோருங்கள ஒக்கார வெச்சுக்கிட்டு. எவன் கை தூக்குறான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. யாருக்குத் தைரியம் வரும்? நான் தூக்குனேன். அடுத்த நாளே என்ன தாமான் வீடுங்களுக்குப் பின்னாடி இருக்குற பெரிய லோங்காங்குக்கு அனுப்புனாங்க, மறந்துட்டீங்களா?

தனேஸ்வரன்: மறக்கல. அன்னிக்கு உன் காலுக்கு வெந்நி வெச்சுக் குடுத்தது யாரு?

துளசி: நீங்கதான்.

தனேஸ்வரன்: அப்புறம் என்ன?

துளசி: வெந்நி வெச்சா போதுமா... சரி, நிறுத்துங்க, நிறுத்துங்க. பஸ் ஸ்டாப்ல ராக்காயி அக்கா நிக்கிறாங்க. பட்டுச் சேலை வேற.

ராக்காயி: ஏம்ப்பா செக்ரட்டரி தம்பி, எவ்ளோ நேரம் நிக்கிறது. கால் கடுக்குது.

தனேஸ்வரன்: உங்க தங்கச்சி புளி சாதம் ஊட்டிக்கிட்டு இருந்துச்சு அக்கா. ஏறுங்க. சேலை பாத்து, கதவுல மாட்டிக்கும்.

ராக்காயி: ஆகட்டும், ஆகட்டும். புருசனுக்கு ஊட்டி விடுற காலத்துலதான் இருக்கீங்களா இன்னும்? நல்லா இருங்க. துளசி, எண்ணிட்டியா?

துளசி: ...முறுக்கத்தான கேக்குறீங்க. எண்ணிட்டேன்க்கா.

ராக்காயி: முறுக்கா? எந்த முறுக்கு... ஆ, ஆமா. முறுக்கு. எப்படி வந்திருக்கு?

துளசி: வந்திருக்கு. அப்புறம் பேசலாம்.

ராக்காயி: ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?

துளசி: ஒண்ணுமில்லக்கா. வெயிலு.

தனேஸ்வரன்: காலையிலேர்ந்து மழை மூட்டமா இருக்கு. இவளுக்கு மட்டும் வெயிலு... அக்கா, வீட்டுல உடையப்பன் அண்ணே எப்படி இருக்காரு?

ராக்காயி: இருக்காரு. கலண்டரக் கதவுல தொங்க விட்டுட்டு இருக்காரு.

தனேஸ்வரன்: கதவுலயா?

ராக்காயி: சுவத்துல ஆணி அடிக்க மாட்டேங்குறாரு தம்பி. தீபாவளி கழிஞ்சா எனக்கு வேலை முடியுது. சாவியக் குடுத்துட்டுப் போகப்போற வீட்டுல எதுக்குடி ஆணிங்குறாரு. கதவத் தொறக்கும்போதெல்லாம் கலண்டர் கீழ விழுது. தெனம் எடுத்து மாட்டுறேன். தோட்டத்த வித்தப்ப லயத்து வீட்டுலேர்ந்து ஒரு தடவ எறங்குனோம். கோழியக் கூடையில போட்டு, சாமி படத்த மடியில வெச்சுக்கிட்டு, லோரியில. அப்ப வயசு இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே ஏறினேன். இன்னொரு தடவ ஏற முடியாது தம்பி. தீபாவளிக்குள்ள ஒப்பந்தம் ஆச்சுன்னா வீடு என் பேருக்கு. அப்புறம் ஆச்சுன்னா, எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு. நல்லா இருக்கட்டும் அவங்களும்... ஆனா நான் எங்க போவேன்?

தனேஸ்வரன்: தெரியும்க்கா. உங்கள நெனச்சா தூக்கம் வரல எனக்கு. ஆனா இப்ப விட்டோம்னா அந்த ஓவர்டைம் திரும்பி வராது. வெள்ளம் வர்ற நாள்ல லோரி எடுக்குற பையனுங்க காலம் பூரா சும்மா ஓட்டணும். அவங்களும் நம்ம ஆளுங்கதான?

ராக்காயி: நீ சொல்றதும் நியாயந்தான். நான் இல்லைன்னு சொல்லல.

துளசி: அதான் சொல்றேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா ஓட்டுப் போட்டுத்தான முடிவு பண்ணணும்?

தனேஸ்வரன்: யூனியன் சட்டத்துல செயற்குழு சொன்னாத்தான் ஓட்டு. செயற்குழு... இரு, போன் அடிக்குது. தலைவரு. ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு பேரும் பேசாம வாங்க.

திருக்குமரன்: தனேஸ்வரன், எங்க வாறீர்?

தனேஸ்வரன்: கோலகங்சார் ரோட்டுல சார். ஸ்பீக்கர்ல இருக்கீங்க. வீட்டம்மா கூட இருக்கு, ராக்காயி அக்காவும் இருக்காங்க.

திருக்குமரன்: ஓ... எல்லாரும் சுகமோ? நல்லது. தனேஸ்வரன், போர்டு ஆபீசர் நேற்று எனக்குப் போன் எடுத்துச் சிரிக்கிறார். செமோர் டிப்போவில கை கழுவுற இடம் அடைச்சு, ஆரோ பைப்பையும் பூட்டாமப் போய், ஸ்டோருக்குள்ள தண்ணி ஏறி, புது பூட்ஸ் எல்லாம் மிதந்ததாம். ஊர் லோங்காங் கழுவுற ஆக்கள் தங்கட லோங்காங்க அடைச்சு வச்சிருக்கினம் எண்டு பகிடி.

தனேஸ்வரன்: நான்தான் சார் போய் எடுத்து விட்டேன்.

திருக்குமரன்: அடைச்சது என்ன?

தனேஸ்வரன்: ...குப்பை சார்.

திருக்குமரன்: குப்பை இல்லை. புளியங்கொட்டையாம். ரப்பர் மரத்துக் கித்தா கொட்டையாம். ஆரோ களவா ஓட்டு நடத்தியிருக்கினம். ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?

தனேஸ்வரன்: விசாரிக்கிறேன் சார்.

திருக்குமரன்: கோபம் இல்லை எனக்கு. ஆனா ஒருக்கா ஓட்டுக்கு விட்டால், எங்களுக்குள்ள ரெண்டு கட்சி எண்டு போர்டுக்குத் தெரிஞ்சு போகும். பிறகு ஒண்டும் கிடைக்காது. அதால நீர் முடிவ வாசிச்சுப்போட்டுக் கூட்டத்தை முடியும். ஓட்டெண்டு ஆரும் எழும்பினால்... அதென்ன சத்தம், கடகடவெண்டு?

தனேஸ்வரன்: முறுக்கு சார்.

திருக்குமரன்: முறுக்கோ?

தனேஸ்வரன்: ஆமா சார். வீட்டம்மா கூட்டத்துக்குச் சுட்டுக்கிட்டு வருது. கொஞ்சம் கெட்டி.

திருக்குமரன்: எள்ளுப் போட்டதோ?

துளசி: போட்டிருக்கு சார்.

திருக்குமரன்: நல்லது. எனக்கு ரெண்டு எடுத்து வையும். வாங்கோ, மண்டபத்தில சந்திப்பம்.

ராக்காயி: ...வெச்சுட்டாரா?

துளசி: வெச்சுட்டாரு.

ராக்காயி: ஆத்தாடி. எள்ளு வேற போட்டுட்டியே.

துளசி: ஏங்க... அவருகிட்ட ஏன் முறுக்குன்னு சொன்னீங்க?

தனேஸ்வரன்: நீதான சொன்ன முறுக்குன்னு.

துளசி: நான் சொன்னத நம்புனீங்களா?

தனேஸ்வரன்: கட்டுன பொண்டாட்டிய நம்பாம?

துளசி: கிண்டல் பண்ணாதீங்க. உங்களுக்கு எவ்ளோ தெரியும்?

தனேஸ்வரன்: நீ எவ்ளோ சொல்லுவ?

ராக்காயி: சொல்லிடு துளசி. வண்டிக்குள்ள மூணு பேரு, மூணு பேருக்கும் தெரிஞ்ச விசயத்த ஒளிச்சு வெச்சு யாருக்கு லாபம்?

துளசி: ...நான்தான் நடத்துனேன். போதுமா? கடுதாசி வெச்சா மண்டோரு கையெழுத்தப் பாத்துக் கண்டுபுடிச்சுடுவாரு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க. அப்பத்தான் அக்கா சொன்னாங்க, தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு எப்பவும் கொட்டதான் போடுவாங்கன்னு. வீட்ட எடுத்துக்கலாம்னா கித்தா கொட்ட. வேணாம், ரெண்டும் கெடைக்கட்டும், பேசுங்கன்னா புளியங்கொட்ட. ஆளுக்கு ஒரு ஜோடி. கைய மூடிக்கிட்டு ஒண்ண டின்னு மூடியில இருக்குற ஓட்டையில போடணும். மிச்சத்த யாருக்கும் தெரியாம எங்கயாச்சும் போட்டுடணும்.

ராக்காயி: கித்தா கொட்டைய நான் ரோட்டோரமாப் பொறுக்கிக் குடுத்தேன். பழைய மரம் நாலஞ்சு இன்னும் நிக்குது.

தனேஸ்வரன்: புளியங்கொட்ட? சொல்லு. ஒரு மாசமா என் வயித்துல கரைச்ச புளிக்கெல்லாம் கணக்குச் சொல்லு.

துளசி: சிரிக்காதீங்க. எத்தன பேருக்கு வேணும், கடையில கொட்ட மட்டும் தனியாவா விக்கிறான்?

தனேஸ்வரன்: ரத்தத்துக்கு நல்லதுன்ன. யூட்டியூப்ல சொன்னாங்கன்ன.

ராக்காயி: நல்லதுதான் தம்பி. யூனியன் ரத்தத்துக்கு.

தனேஸ்வரன்: சரி, போட்டது போட்டீங்க. மிச்சத்த எல்லாரும் ஒரே ஓட்டையிலயா போடுவீங்க? லோங்காங் வேலை பாக்குற ஆளுங்கதான நீங்க?

துளசி: யாருக்கும் தெரியாம போடுங்கன்னேன். ஒவ்வொருத்தரும் கை கழுவுற மாதிரி போய் அந்தச் சல்லடைக்குள்ள தள்ளியிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே புத்தி. லகாட் டிப்போவுல பரவால்ல, பின்னாடி ஈயக்குட்டையில வீசிட்டாங்க.

தனேஸ்வரன்: லகாட்டுக்குப் போனியா? எப்ப?

துளசி: அம்மாவுக்குக் காய்ச்சல்னு போனேனே...

தனேஸ்வரன்: நான் அன்னிக்கு உங்கம்மாவுக்குப் போன் போட்டு நலம் விசாரிச்சேன். அவங்க பாசார்ல நண்டு வாங்கிக்கிட்டு இருந்தாங்க.

துளசி: அலாமா... ஏங்க, அப்பவே ஏன் கேக்கல?

தனேஸ்வரன்: கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துடும்.

துளசி: நானும் அதுக்குத்தான் சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சா தலைவர்கிட்ட மறைக்கணும். மறைச்சா சோறு எறங்காது உங்களுக்கு.

ராக்காயி: நல்ல ஜோடிலா நீங்க. ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துறேன்னு ரெண்டு பேரும் ஊமையாவே இருந்திருக்கீங்க.

தனேஸ்வரன்: அடைப்ப எடுக்கும்போதே எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. சல்லடை நெறைய புளியங்கொட்ட அப்பிக்கிட்டு இருந்துச்சு. கித்தா கொட்ட கொஞ்சந்தான் மெதந்துச்சு. தூக்கிப் போட்டது புளின்னா, டின்னுல விழுந்தது கித்தா. அக்கா, உங்க வீடு ஜெயிச்சிருச்சு. டின்னத் தொறக்காமலே தெரியும் எனக்கு.

ராக்காயி: நெசமாவா தம்பி? துளசி, நெசமா? நீ எண்ணினேன்னியே... ஏன்டி அழுவுற?

தனேஸ்வரன்: துளசி. என்ன? இரு, மண்டபம் வந்துருச்சு, ஓரமா நிறுத்துறேன்... சொல்லு.

துளசி: நான் டின்னோட உள்ள வரல.

ராக்காயி: என்ன பேசுற நீ? இதுக்காக ஒரு மாசம்...

துளசி: ஒண்ணு கூட இருக்குக்கா.

ராக்காயி: என்ன கூட?

துளசி: கொட்ட. ஒவ்வொரு ஜோடியும் என் கையால குடுத்தேன். குடுத்த ஜோடிக்கு ஒரு கொட்ட கூட இருக்கு. விடியக்காலையில எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கூட இருக்கு. யாரோ ரெண்டு போட்டிருக்காங்க.

ராக்காயி: இருந்துட்டுப் போவுது. ஒரு கொட்டைதான? நாமதான் நெறைய வித்தியாசத்துல இருக்கோமே. எடுத்து வீசிடு.

துளசி: எத எடுத்து வீசுறது? கித்தாவையா, புளியையா? நான் ஒண்ண எடுத்துட்டா அப்புறம் இது ஓட்டே இல்லக்கா, நான் வெச்ச பொங்கல். உள்ள தலைவர் கேப்பாரு, எத்தன பேருக்குக் குடுத்தீங்க, எத்தன விழுந்துச்சுன்னு. ஒண்ணு கூடன்னு சொன்னா அங்கயே முடிஞ்சிருச்சு. கள்ள ஓட்டுன்னு சிரிப்பாங்க. நம்மள நம்பி போட்டவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? மண்டோருக்குப் பயந்து கையே தூக்காத சனம் அது.

ராக்காயி: அப்ப... அவ்ளோதானா?

துளசி: மன்னிச்சிருங்கக்கா.

ராக்காயி: அழாத. நீ என்னடி பண்ணுவ... வீடு போனா போவுது. அவர் ஆணி அடிக்காததும் நல்லதாப் போச்சு. சுவத்துல ஓட்டை அடைக்கிற வேலை மிச்சம்.

தனேஸ்வரன்: ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சா?

துளசி: உங்களுக்கு இப்பக்கூட கிண்டலா?

தனேஸ்வரன்: கண்ணத் தொடை. டின்னு வெள்ளிக்கிழமையிலேர்ந்து எங்க இருந்துச்சு?

துளசி: நம்ம வீட்டுல. அரிசி வாளிக்குப் பின்னாடி.

தனேஸ்வரன்: நேத்து சாயங்காலம் நீ கோயிலுக்குப் போனியே. வீட்டுல யாரு இருந்தா?

துளசி: நீங்கதான்... ஏங்க?

தனேஸ்வரன்: யாரும் ரெண்டு போடல துளசி. அந்தச் சனத்த சந்தேகப்படாத. நானும் சந்தா கட்டுற மெம்பர்தான? எனக்கு மட்டும் ஒரு ஜோடி குடுக்காம விட்டுட்ட.

துளசி: ...நீங்களா?

தனேஸ்வரன்: அடைப்புல எடுத்ததுலயே நல்லதா ரெண்டு பாத்து சோப்புப் போட்டுக் கழுவி வெச்சிருந்தேன்.

ராக்காயி: அடப்பாவி தம்பி. நாங்க இங்க ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருக்கோம்.

தனேஸ்வரன்: இவ எண்ணியிருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள போனதும் எந்திரிச்சு, நான் போட்டதையும் சேத்துக்குங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன்.

துளசி: தலைவரு முன்னாடியா? உங்க செயலாளர் பதவி...

தனேஸ்வரன்: போனா கறிபாப் மிச்சம். தொந்தி குறையும்.

துளசி: அப்ப அந்தத் தீர்மானத்த வாசிக்க மாட்டீங்களா?

தனேஸ்வரன்: நாக்கு புளிச்சுக் கெடக்கு. வாசிக்க வராது.

துளசி: ஏங்க... அக்காவுக்காகவா போட்டீங்க?

தனேஸ்வரன்: கைய நீட்டு. இந்தா. நான் போடாத மிச்சம். சட்டப் பாக்கெட்லயே வெச்சிருக்கேன். லோங்காங்ல போட்டா மறுபடி நாந்தான வந்து தோண்டணும்.

துளசி: இது... கித்தா கொட்ட. அப்ப நீங்க டின்னுக்குள்ள போட்டது...

தனேஸ்வரன்: புளி. எனக்கு இன்னும் பேசிப் பாக்கலாம்னுதான் தோணுது, என்ன பண்ண... தோத்துட்டேன்லா. அக்கா, சேலையச் சரி பண்ணிட்டு எறங்குங்க. அந்த டின்ன இங்க குடு துளசி, நான் தூக்கிட்டு வாரேன். தோத்தவன் கையால போனாத்தான் எல்லாரும் நம்புவாங்க.